வளைவின் நடுவில் பிடி விட்ட கேமன்: ஒரு சஸ்பென்ஷன் சீரமைப்பின் முழு விவரம்

2024 பிப்ரவரியில், 2010ஆம் ஆண்டு மாடல் போர்ஷே கேமன் எஸ் ஒன்று அம்பத்தூர் தொழிற்பேட்டையிலுள்ள எங்கள் பட்டறைக்கு வந்தது. அதை இன்னொருவரிடமிருந்து வாங்கி மூன்று ஆண்டுகளாக ஓட்டிவரும் உரிமையாளர், வரும்போதே கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். முன்புறத்துக்கு மில்லிமீட்டருக்கு 70 நியூட்டன் விறைப்புள்ள ஸ்பிரிங், அதனுடன் சேர்ந்த காயில்ஓவர் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக வரும், உயரத்தைத் திருத்தக்கூடிய அமைப்பு), முன்னும் பின்னும் தடித்த ஸ்டெபிலைசர் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி), எல்லா மூட்டுகளுக்கும் ரப்பருக்குப் பதில் விறைப்பான பாலியூரித்தேன் புஷ் (மூட்டில் அதிர்வைத் தாங்கும் உருளை) என்று அதில் எழுதியிருந்தது. "இதையெல்லாம் போட்டுக் குடுத்துட்டா வண்டி ரோட்டோட ஒட்டிக்கிட்டுப் போகும்னு சொல்றாங்க சார்" என்றார். அந்தப் பட்டியலில் கடைசியில் நாங்கள் பொருத்தியது காயில்ஓவர் ஒன்றை மட்டும்தான், அதுவும் அவர் கேட்ட விறைப்பில் இல்லை. ஏன் அப்படி முடிந்தது என்பதைப் படிப்படியாகச் சொல்வதே இந்த ஆய்வின் நோக்கம்.

அவருடைய குறை இரண்டு இடங்களில் இரண்டு விதமாக வெளிப்பட்டது. இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தில் நீண்ட வளைவுகளில் முதலில் முன்புறம் திரும்ப மறுத்து வெளியே தள்ளும். பயந்து ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் பின்புறம் ஒரே வீச்சில் வழுக்கும். ஒருமுறை முழுவதுமாகச் சுழன்று புல்லில் போய் நின்றிருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையிலோ, நீலாங்கரையைத் தாண்டியதும் மேடுபள்ளம் வரும் இடங்களில், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தாலும் வண்டி தானாக இடமும் வலமுமாக அலையும். வேகத்தடைகளில் அடி தட்டுவதை அவர் ஒரு குறையாகவே சொல்லவில்லை. ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும் என்று ஏற்றுக்கொண்டிருந்தார்.

இந்த வண்டியின் அமைப்பைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இருக்கைகளுக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் 3.4 லிட்டர் ஆறு சிலிண்டர் எஞ்சின் இருக்கிறது. நான்கு சக்கரங்களுக்கும், ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் வகை சஸ்பென்ஷன். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலுள்ள தூரமாகிய வீல்பேஸ் 2,415 மி.மீ. எடையின் பெரும்பகுதி நடுவிலேயே குவிந்திருப்பதால், முன்பக்கம் எஞ்சின் உள்ள வண்டியைவிட இது எளிதில் திரும்பும். அதே காரணத்தால், பின்புறம் பிடி விட்டால் ஓட்டுநருக்குச் சுதாரிக்கக் கிடைக்கும் நேரமும் குறைவு. ஆகவே இதில் பிடிமானத்தின் அளவைக் கூட்டுவதைவிட, பிடி விடுவதற்கு முன் வண்டி ஓட்டுநரிடம் சொல்லும்படி செய்வதே முதல் வேலை என்று எனக்குத் தோன்றியது.

தூக்கிப் பார்த்தபோது

லிஃப்டில் ஏற்றுவதற்கு முன்பே டயர்களைப் பார்த்தோம். பக்கவாட்டிலிருந்த நான்கு இலக்கம் 1817, அதாவது 2017ஆம் ஆண்டின் 18வது வாரத்தில் தயாரானவை. டயரின் வரிப்பள்ளங்களின் ஆழம் போதுமான அளவு இருந்ததால் யாரும் அவற்றைச் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஏழு கோடைகளைச் சென்னையில் கழித்த ரப்பர், விரல் நகத்தால் அழுத்தினால் தழும்புகூட விழாத அளவுக்கு இறுகியிருந்தது. முன் டயர்களின் வெளி விளிம்பு மட்டும் உருண்டு தேய்ந்திருந்தது. சக்கரத்தின் சாய்வாகிய கேம்பர் போதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி இல்லை.

மேலே தூக்கியதும் எங்கள் மூத்த மெக்கானிக் நீளமான கம்பியைக் கொடுத்து, சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் ஒவ்வொரு ஆர்மையும் நெம்பிப் பார்த்தார். பின்புற ஆர்ம்களின் ரப்பர் புஷ்களில் இரண்டு முற்றிலும் கிழிந்திருந்தன. "தம்பி, புஷ் செத்துப் போச்சு. இதுமேல எந்த ஸ்பிரிங்கப் போட்டாலும் சக்கரம் எங்க பாக்கணும்னு அதுக்கே தெரியாது" என்றார். கடற்கரைச் சாலையில் வண்டி அலைந்ததன் காரணம் அந்த ஒரு வாக்கியத்தில் அடங்கியிருந்தது. பின்சக்கரம் எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதாகிய டோ, வண்டியின் நேரோட்டத்துக்கு ஆதாரம். புஷ் கிழிந்தால், பிரேக் போடும்போது ஒரு கோணமும் ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வேறு கோணமுமாக அது மாறிக்கொண்டே இருக்கும்.

புஷ்கள் ஏன் கிழிந்தன என்பதையும் பார்த்தோம். மூன்று ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் வண்டியின் உயரத்தைக் குறைக்கும் ஸ்பிரிங்குகளைப் பொருத்தியிருந்தார்கள். அப்போது ஆர்ம் போல்ட்டுகளை, சக்கரங்கள் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். இவ்வகை ரப்பர் புஷ்ஷில் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். ஆர்ம் அசையும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு வழிவிடும். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டுத் தரையில் இறக்கினால், வண்டி சும்மா நிற்கும்போதே ரப்பர் முறுக்கிய நிலையில் இருக்கும். அது நெடுநாள் தாங்காது. வண்டியின் எடை சக்கரங்களில் இறங்கி, ஓடும் உயரத்தில் நிற்கும்போதுதான் அந்தப் போல்ட்டுகளைக் கடைசியாக இறுக்க வேண்டும். சென்னையில் நான் பார்த்த புஷ் சேதங்களில் கணிசமானவை இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் வந்தவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பம்ப் ஸ்டாப் சொன்ன கதை

திடீர் வழுக்கலுக்கான காரணம் இன்னும் ஆழத்தில் இருந்தது. பழைய கடை வண்டியை 35 மி.மீ. இறக்கியிருந்தது, ஆனால் ஷாக் அப்சார்பர்கள் தொழிற்சாலையிலிருந்து வந்த அதே நீளத்தில் இருந்தன. அதனால் ஷாக்கின் தண்டு ஏற்கெனவே 35 மி.மீ. உள்ளே போய் நின்றது. முன்புறத்தில், ஷாக் அமுங்கும் எல்லையில் அதைத் தடுத்து நிறுத்தும் மெத்தையான பம்ப் ஸ்டாப்பைத் தொடுவதற்கு எஞ்சியிருந்த இடைவெளி 14 மி.மீ. மட்டுமே. பின்புறத்தில் இடம் உண்டாக்குவதற்காகப் பம்ப் ஸ்டாப்பையே பாதியாக அறுத்திருந்தார்கள்.

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்த்தால் நிலைமை புரியும். இந்த வண்டியின் இடது வலது சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் சுமார் 1.5 மீட்டர், அதில் பாதி சுமார் 74 செ.மீ. வளைவில் வண்டி 2.5 பாகை சாய்ந்தால் வெளிப்பக்கச் சக்கரம் ஏறத்தாழ 32 மி.மீ. உள்ளே அமுங்கும். இருப்பதோ 14 மி.மீ. ஆக, கொஞ்சம் வேகமாகத் திருப்பிய ஒவ்வொரு வளைவிலும் முன்புற வெளிச்சக்கரம் ஸ்பிரிங்கின் மீது அல்ல, பம்ப் ஸ்டாப்பின் மீது நின்றிருக்கிறது. அந்த நொடியில் முன்புறத்தின் விறைப்பு பல மடங்காக ஏறும். எந்த அச்சு விறைப்பாக இருக்கிறதோ, சாய்வினால் இடம்மாறும் எடையில் பெரும்பங்கை அந்த அச்சின் வெளிச்சக்கரமே சுமக்கும். அந்த அச்சின் மொத்தப் பிடிமானம் குறையும். உரிமையாளர் சொன்ன, முன்புறம் வெளியே தள்ளும் அண்டர்ஸ்டியர் இதுதான். பிறகு அவர் காலை எடுத்ததும் பின்புறத்தின் எடை முன்னால் நகர்கிறது. பின் டயர்கள் இலேசாகின்றன. அதே கணத்தில் தளத்தின் ஒரு சிறு மேட்டில் பின்சக்கரம் அறுத்த பம்ப் ஸ்டாப்பில் போய் இடிக்கிறது. முழு நீள ஸ்டாப் படிப்படியாக நசுங்கி விறைக்கும். பாதியாக அறுத்தது சுவரில் மோதுவதுபோல ஒரேயடியாக நிறுத்தும். பின்புறம் முன்னறிவிப்பில்லாமல் பறந்ததன் காரணம் அதுவே. நல்ல வண்டிகளிலும் பம்ப் ஸ்டாப் வளைவில் வேலை செய்வதுண்டு. ஆனால் அதைத் துணை ஸ்பிரிங்காகக் கருதி, தொடும் இடத்தையும் நசுங்கும் விதத்தையும் கணக்கிட்டு வடிவமைத்திருப்பார்கள்.

உயரக் குறைப்பில் இன்னொரு தீங்கும் உண்டு. மெக்ஃபர்சன் ஸ்ட்ரட்டில் வண்டியை இறக்கும்போது புவியீர்ப்பு மையம் இறங்குவதைவிட வேகமாக ரோல் சென்டர் என்னும் சாய்வு மையம் கீழே போகும். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால், வண்டி தாழ்வாகத் தெரிந்தாலும் வளைவில் அதைச் சாய்க்கும் விசையின் நெம்பு நீளம் அதிகமாகிறது. லோயர் ஆர்ம்கள் வெளிப்பக்கம் மேல்நோக்கி நிற்கத் தொடங்கிவிட்டால், சக்கரம் அமுங்கும்போது கிடைக்க வேண்டிய கேம்பரும் கிடைக்காது. தாழ்ந்து நிற்கும் வண்டி கண்ணுக்கு அழகாக இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. அது நன்றாகத் திரும்பும் என்பதை மட்டும் மறுக்கிறேன்.

சென்னை சாலைக்கு இது எவ்வளவு பொருந்தாதது என்பதற்கு வேகத்தடையே சான்று. சாலைத் தரங்களை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸின் வழிகாட்டுதலில் உள்ள வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்ட மெல்லிய வளைவு. கேமனின் வீல்பேஸ் அந்த அகலத்தைவிடக் குறைவு என்பதால், வண்டி முழுதாக அதன்மேல் ஏறிவிடும். அப்போது வயிற்றுப் பகுதிக்குக் கீழே புடைத்திருப்பது கணக்குப்படி 43 மி.மீ. மட்டுமே. அளவெடுக்காமல் தெருக்களில் போட்டுவிடும் குட்டையான தடையோ முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, தன் முழு உயரத்தையும் வயிற்றில் காட்டும். இறக்கிய வண்டியின் அடித்தட்டில் நாங்கள் எண்ணிய கீறல்கள் எல்லாம் அத்தகைய தடைகளின் கையெழுத்து.

வேலையை எப்படிப் பிரித்தோம்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது எதைச் சரி செய்தது என்று தெரியாமல் போகும். ஆகவே முதல் கட்டத்தில் டயர், புஷ், உயரம் ஆகிய மூன்றை மட்டும் தொடுவது என்று முடிவு செய்தோம். உரிமையாளர் வீட்டுப் பரணில் தொழிற்சாலை ஸ்பிரிங்குகள் பத்திரமாக இருந்தது நல்ல வாய்ப்பு. பாலியூரித்தேன் வேண்டாம் என்று நான் வற்புறுத்தினேன். பல திசைகளில் அசையும் மூட்டுகளில் அது இறுகிப் பிடித்துக்கொள்ளும், கிரீஸ் காய்ந்ததும் கீச்சிடும், ஒவ்வொரு பள்ளத்தையும் உடம்புக்குக் கொண்டுவரும். தினமும் அலுவலகத்துக்கும் போகும் வண்டிக்குப் புதிய ரப்பர் புஷ்ஷே தகும்.

வேலையில் மிக அதிக நேரம் தின்றது யாரும் எதிர்பாராத ஒன்று. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் நின்றிருந்த இந்த வண்டியின் சக்கரங்களில் கால்பங்கு உயரத்துக்குத் தண்ணீர் இருந்திருக்கிறது. எஞ்சினுக்கு ஒன்றும் ஆகவில்லை; ஆனால் பின்புற டோவைத் திருத்தப் பயன்படும் எக்சென்ட்ரிக் போல்ட்டுகள் புஷ்ஷின் இரும்புக் குழாயோடு துருவால் ஒட்டிப்போயின. துரு நீக்கும் எண்ணெயை ஊற்றி இரண்டு இரவு ஊறவிட்டோம், சூடேற்றினோம், இடது போல்ட் இளகியது, வலது போல்ட் இளகவே இல்லை. கடைசியில் பக்கத்திலுள்ள பாகங்களைப் பாதுகாத்துக்கொண்டு அதை அறுத்தெடுத்து, புதியது வரும்வரை பதினோரு நாள் காத்திருந்தோம். இதிலிருந்து ஒன்றை வழக்கமாக்கிக்கொண்டோம்: சென்னையில் வெள்ளநீரில் நின்ற எந்த வண்டி வந்தாலும் அலைன்மென்ட் போல்ட்டுகளைத் தளர்த்திப் பார்த்து, துருத்தடுப்புப் பசை தடவி, மீண்டும் இறுக்குகிறோம்.

முதல் கட்டம் முடிந்து, தொழிற்சாலை உயரத்தில், பழைய ஷாக்குகளோடு வண்டியைக் கோவளம் வரை ஓட்டிப் பார்த்தோம். ஷாக்குகள் தளர்ந்திருந்தும் அலைச்சல் போய்விட்டது. "சார், இதுவே போதும்போல இருக்கே" என்றார் உரிமையாளர். சாலைக்கு மட்டும் என்றால் போதும்தான். அவருக்குப் பந்தயத் தளத்திலும் ஓட வேண்டும் என்பதால் இரண்டாம் கட்டத்துக்குப் போனோம்.

ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுத்த கணக்கு

ஸ்பிரிங்கின் விறைப்பை அந்த எண்ணை மட்டும் பார்த்து மதிப்பிடக் கூடாது. அது தாங்கும் எடையோடு சேர்த்து, வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்னும் அதிர்வெண்ணாகப் பார்க்க வேண்டும். இந்த வண்டியின் ஒரு முன்மூலையில் ஸ்பிரிங்கின் மேல் உட்காரும் நிறை சுமார் 280 கிலோ. ஸ்ட்ரட்டின் சாய்வைக் கணக்கில் எடுத்தால் சக்கரத்தில் உணரப்படும் விறைப்பு ஸ்பிரிங்கின் விறைப்பில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு. உரிமையாளர் கேட்ட 70 நியூட்டன் ஸ்பிரிங்கைப் போட்டால் முன்புற அதிர்வெண் 2.4 ஹெர்ட்ஸ் வரும். வழவழப்பான தளத்தில் மட்டும் ஓடும் பந்தய வண்டிக்கு அது ஏற்றது. மேடுபள்ளமுள்ள சாலையில் அத்தனை விறைப்பான வண்டியின் சக்கரம் பள்ளத்துக்குள் இறங்கித் தரையைத் தொடர்வதற்குப் பதிலாகத் தாண்டிக் குதிக்கும். தரையைத் தொடாத டயருக்குப் பிடிமானம் என்பதே இல்லை.

நாங்கள் முன்புறத்துக்கு 40 நியூட்டனும், சுமார் 350 கிலோ உட்காரும் பின்மூலைக்கு 55 நியூட்டனும் எடுத்தோம். முன்னால் 1.8 ஹெர்ட்ஸ், பின்னால் 1.9 ஹெர்ட்ஸ். பின்புறம் சற்றே அதிகமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. மேட்டில் முதலில் ஏறுவது முன்சக்கரம். சற்றுப் பின்னால் ஆடத் தொடங்கும் பின்புறம் கொஞ்சம் வேகமாக ஆடினால் முன்புறத்தை எட்டிப்பிடித்து, வண்டி ஊஞ்சலாக ஆடாமல் சமமாக அடங்கும். உயரத்தைத் தொழிற்சாலை அளவிலிருந்து 10 மி.மீ. மட்டுமே குறைத்தோம், புதிய ஷாக்கின் உடல் அதற்கேற்பக் குட்டையானது என்பதால் அமுங்கும் இடம் குறையவில்லை.

ஸ்டெபிலைசர் பார்களை மாற்றவில்லை. பாரின் விறைப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும், 24 மி.மீ. திண்மக் கம்பியை 26 ஆக்கினால் விறைப்பு 38 சதவீதம் ஏறிவிடும். அத்தனை பெரிய மாற்றத்தை, ஸ்பிரிங்கின் விளைவு என்ன என்று பார்ப்பதற்கு முன்பே செய்ய எனக்கு மனமில்லை.

சக்கரக் கோணங்களைத் திருத்தும் அலைன்மென்ட்டில் முன்புறக் கேம்பர் இடதில் கழித்தல் 0.4, வலதில் கழித்தல் 0.9 பாகை என்று ஒன்றுக்கொன்று ஒவ்வாமல் இருந்தது (கழித்தல் என்றால் சக்கரத்தின் மேல்முனை உள்நோக்கிச் சாய்ந்திருப்பது). இரண்டு துண்டாக வரும் லோயர் ஆர்ம்களைப் பொருத்தி, இடையில் தகடு வைத்து இருபுறமும் கழித்தல் 1.8க்குக் கொண்டுவந்தோம். பின்புறம் கழித்தல் 1.9, பின் டோ சக்கரத்துக்குப் பத்து நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு) உள்நோக்கி. முன்புற டோவைச் சுழியத்தில் விட்டோம்.

பிறகு, உரிமையாளரை இருக்கையில் உட்காரவைத்து, நான்கு சக்கரங்களையும் நான்கு தராசுகளில் ஏற்றினோம். முன் இடது 298, முன் வலது 346, பின் இடது 402, பின் வலது 378 கிலோ. மொத்தம் 1,424. முன் இடதையும் பின் வலதையும் கூட்டினால் 676, அதாவது 47.5 சதவீதம், மற்ற மூலைவிட்டம் 748. நான்கு காலில் ஒன்று குட்டையான நாற்காலி எப்படி நிற்குமோ அப்படி வண்டி நின்றது. இப்படி நிற்கும் வண்டி இடப்பக்கம் திரும்பும்போது ஒரு குணமும் வலப்பக்கம் திரும்பும்போது வேறு குணமும் காட்டும். காயில்ஓவரின் தாங்குவளையங்களைத் திருகித் திருகி 316, 328, 384, 396 என்று கொண்டுவந்தோம். இப்போது இரு மூலைவிட்டங்களும் 712. கவனிக்க வேண்டியது, திருகுவதற்கு முன்பும் பின்பும் இடப்பக்கக் கூட்டல் 700, முன் அச்சின் கூட்டல் 644. இவை மாறவே இல்லை. வளையத்தைத் திருகி எடையை மூலைக்கு மூலை மாற்றலாமே தவிர, முன்னிருந்து பின்னுக்கோ இடமிருந்து வலத்துக்கோ கொண்டுபோக முடியாது. அதற்கு எடையுள்ள பொருளையே இடம் மாற்ற வேண்டும்.

இருங்காட்டுக்கோட்டையில் ஒரு நாள்

சோழவரம் ஓடுபாதையில் ஓடிய பந்தயங்களுக்குப் பிறகு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்கென்று அமைத்துக்கொண்ட தளம் இது. 1990இல் திறக்கப்பட்டது; சுற்று நீளம் 3.717 கிலோமீட்டர், 12 வளைவுகள். வேகமான வளைவும் மெதுவானதும் கலந்திருப்பதால் சஸ்பென்ஷனின் குறையை மறைக்க இடமில்லாத தளம்.

நான்கு ஷாக்குகளின் தண்டிலும் ஒரு கேபிள் டையை இறுக்கமாகக் கட்டி அனுப்பினோம். ஷாக் எவ்வளவு உள்ளே போகிறதோ அவ்வளவு அது தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். விலை உயர்ந்த சென்சார் இல்லாமலே உண்மையைச் சொல்லும். ஐந்து சுற்றுக்குப் பிறகு பார்த்தபோது முன்புறத்தில் பம்ப் ஸ்டாப்பை இலேசாகத் தொட்டிருந்தது, பின்புறத்தில் தொடவே இல்லை. அதிகச் சுமை ஏறும் முன் டயரின் வெப்பத்தை அளந்தோம்: உள்விளிம்பு 84, நடு 82, வெளிவிளிம்பு 81 பாகை செல்சியஸ். உள்விளிம்பு சற்றே சூடாக இருப்பது கேம்பர் போதுமானது என்பதன் அடையாளம். காலையில் குளிர்ந்த டயரில் 30 வைத்த காற்றழுத்தம் 37 ஆகியிருந்ததால், இரண்டு புள்ளி இறக்கினோம்.

அமுங்கிய ஷாக் திரும்ப விரியும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ரீபவுண்ட் திருகில்தான் ஒரு தவறு செய்தோம். வண்டி இன்னும் உறுதியாக இருக்கட்டும் என்று நான் நான்கு கிளிக் கூட்டினேன். அடுத்தடுத்த மேடுகளில் ஷாக் முழுதாக விரிவதற்குள் அடுத்த மேடு வந்துவிட, பின்புறம் படிப்படியாகத் தாழ்ந்து பம்ப் ஸ்டாப்பை நெருங்கியது. கேபிள் டை அதைக் காட்டிக்கொடுத்தது. ஆறு கிளிக் திரும்பக் குறைத்ததும், உரிமையாளர் அதே நீண்ட வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தார். பின்புறம் நகர்ந்தது, ஆனால் மெதுவாக, ஸ்டியரிங்கில் உணரும்படி நகர்ந்தது. அவர் சிறிது திருப்பிச் சரிசெய்துகொண்டு போனார். இறங்கி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றுவதற்கு முன்பே, "இப்ப அது எங்கிட்ட பேசுது சார்" என்றார்.

சுற்று நேரத்தை நான் இங்கே தரவில்லை. அவர் முன்பு ஓட்டியபோது இருந்த வெயிலும் டயரும் வேறு. அந்த ஒப்பீடு நேர்மையாக இருக்காது.

சட்டத்தைப் பற்றி ஒரு சொல். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரக்குறிப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. உயரத்தை அதிகம் குறைக்காததற்கு அதுவும் ஒரு காரணம். பொருத்திய ஒவ்வொரு பாகத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிடும்படி உரிமையாளரிடம் சொல்லி, அந்தக் கடிதத்தின் நகலை எங்கள் கோப்பிலும் வைத்தோம்.

ஆறு மாதம் கழித்து, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன், வண்டி மறுபரிசோதனைக்கு வந்தது. புஷ்களில் கிழிசல் இல்லை. டயர்கள் சமமாகத் தேய்ந்திருந்தன. பின் இடது டோ நான்கு நிமிடக் கோணம் நகர்ந்திருந்ததால் திருத்தினோம். முன் இடது ஸ்டெபிலைசர் லிங்க்கில் இலேசான தட்டும் சத்தம் வந்தது; பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருந்ததால் மாற்றினோம். மெதுவான வளைவுகளில் இன்னும் சிறிது முன்புறத் தள்ளல் இருப்பதாக உரிமையாளர் சொல்கிறார். பின்புற ஸ்டெபிலைசர் பாரை ஒரு படி விறைப்பாக்கினால் அது குறையும். ஆனால் மழையில் நனைந்த சாலையில் பின்புறம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்காமல் அதைத் தொட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். ஜனவரியில் மீண்டும் வருகிறார். கேபிள் டைகளைக் கழற்ற வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், அவை இன்னும் தண்டுகளில் இருக்கின்றன.